மூத்தம்மாவின் கெண்டிக்கு விலை சொல்வது யார்?

உங்கள் வீட்டுக் குசினிப் பரணில், அல்லது அறை மூலையில் அடுக்கிய நெல் மூட்டைகளுக்குப் பின்னால், பாவனையில்லாத ஒரு பித்தளைக் கெண்டி கிடக்கிறதா? கூடவே ஒரு படிக்கம், கால் வைத்த ஒரு வெற்றிலை வட்டா, விளிம்பில் பூ வேலை செய்த ஒரு பெரிய சகன்? நிந்தவூரில் ஐம்பது வயதைத் தாண்டிய எந்தப் பெண்ணிடம் கேட்டாலும், "எங்கட மூத்தம்மாட ஒண்டு இருந்திச்சு" என்பார். இருக்கிறது என்று சொல்பவர்கள் குறைவு. இருந்தது என்று சொல்பவர்களே அதிகம். சிலவற்றை 2004 டிசம்பர் 26 இல் கடல் கொண்டு போனது. மிச்சம் தராசில் ஏறிப் போயின.

நமது கரையோர ஊர்களில் வீடு பெண்ணுக்குரியது. மகளுக்குச் சீதனமாக வீடு கொடுக்கும்போது, வீட்டோடு சேர்ந்து பாத்திர பண்டங்களும் தாயிடமிருந்து மகளுக்குப் போகின்றன. ஆகவே இந்தக் கெண்டியும் வட்டாவும் பெண்களின் சொத்து. அவற்றை விற்பவர்களும் பெரும்பாலும் பெண்களே. ஆண்கள் வயலுக்கோ கடைக்கோ போயிருக்கும் முற்பகல் வேளையில், வாசலில் வந்து நிற்கும் பழைய சாமான் வியாபாரியிடம் அந்த வியாபாரம் நடந்து முடிந்துவிடும்.

என் சாச்சி ஒருவரும் அப்படித்தான் விற்றார். மகளின் கலியாணச் செலவு நெருங்கி வந்த நேரம். கெண்டி, வட்டா, இரண்டு செம்பு. வியாபாரி நான்கையும் ஒன்றாகச் சாக்கில் போட்டு நிறுத்தார். ஈயப் பற்றுக்கும் ஒடுக்குக்கும் கொஞ்சம் கழித்தார். கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்துக் காசைக் கையில் வைத்துவிட்டுப் போனார். பத்து நாள் கழித்து வெளியூரிலிருந்து வேனில் வந்த இன்னொருவர், இந்தத் தெருவில் பழைய கெண்டி உள்ள வீடு எது என்று விசாரித்துக்கொண்டு வந்தார். விற்காமல் எஞ்சியிருந்த படிக்கத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதற்கு மட்டும் அவர் சொன்ன விலை, முன்னர் நான்கு சாமானுக்குமாகச் சாச்சிக்குக் கிடைத்த காசைவிட அதிகம்!

"அண்டைக்கு ராவு நித்திரையே வரல்ல. நான் ஏமாந்துட்டனா புள்ள?" என்று சாச்சி என்னிடம் கேட்டார்.

ஏமாந்தாரா இல்லையா? கேள்வி சின்னது. பதில் அவ்வளவு சுலபமில்லை. பழைய பொருளுக்கு உண்மையான விலை என்று ஒன்று உண்டா என்பதை முதலில் பார்க்க வேண்டும். அதற்காகச் சாச்சிக்கு நான் சொன்ன இன்னொரு கெண்டியின் கதையை உங்களுக்கும் சொல்கிறேன்.

ஒரே கெண்டி, மூன்று விலை

2008 ஜனவரி மாதம். இங்கிலாந்தின் சொமர்செட் பகுதியில் குரூகேர்ன் என்றொரு சிறிய ஊர். அங்குள்ள லோரன்ஸஸ் என்ற ஏலக் கம்பனியின் பட்டியலில் ஒரு கெண்டி இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் பிரான்ஸில் செய்யப்பட்ட மதுக் குவளை என்று அதன் பக்கத்தில் எழுதியிருந்தார்கள். மதிப்பீடு 100 முதல் 200 ஸ்டேர்லிங் பவுண். பழைய வீட்டுத் தளபாடங்களோடு போகக்கூடிய ஒரு சாதாரண சாமான்.

ஆனால் அது மதுக் குவளையும் அல்ல, பிரான்ஸில் செய்ததும் அல்ல. எகிப்தில் பாத்திமிய்யா கலீபாக்களின் ஆட்சி நடந்த காலத்தில், இன்றைக்கு ஆயிரம் வருடங்களுக்கு முன்னர், ஒரே படிகக் கல்லைக் குடைந்து முஸ்லிம் கைவினைஞர்கள் செதுக்கியெடுத்த கெண்டி அது. அதற்குப் பொன்னில் பூண் போட்டதுதான் 19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுத் தட்டானின் வேலை. பட்டியல் எழுதியவர் பூணைப் பார்த்தார், கல்லைப் பார்க்கவில்லை. இந்த வகைக் கெண்டிகள் உலகம் முழுவதிலும் பத்துக்கும் குறைவாகவே எஞ்சியிருக்கின்றன. வெனிஸ் நகரில் உள்ள ஒன்றில் கலீபா அல்அஸீஸ் பில்லாஹ்வின் பெயரே பொறிக்கப்பட்டிருக்கிறது. புளோரன்ஸ் நகர அரும்பொருட் காட்சியகத்தில் இருந்த ஒன்று 1998 இல் கை தவறி விழுந்து சிதறிப் போனது.

ஏல மண்டபத்தில் இருந்தவர்களில் பலருக்கு இது தெரியாது. தெரிந்தவர்களும் வாய் திறக்கவில்லை. கேட்கத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது, தெரிந்தவர் ஒருவர் அல்ல என்று. விலை 200 பவுணைத் தாண்டியது, ஆயிரத்தைத் தாண்டியது, இலட்சத்தையும் தாண்டி 2 இலட்சத்து 20 ஆயிரம் பவுணில் வந்து நின்றது. பின்னர் அந்த விற்பனை இரத்துச் செய்யப்பட்டது. அதே வருடம் ஒக்டோபரில் லண்டனில் கிறிஸ்டீஸ் கம்பனி அதே கெண்டியை, இம்முறை அதன் சரியான பெயரோடும் வரலாற்றோடும் ஏலத்தில் விட்டது. ஏறத்தாழ 32 இலட்சம் ஸ்டேர்லிங் பவுணுக்குப் போனது!

ஜனவரிக்கும் ஒக்டோபருக்கும் இடையில் அந்தக் கெண்டியில் ஒரு கீறல் கூடவுமில்லை, குறையவுமில்லை. நிறையும் அதே நிறைதான். மாறியவை இரண்டே: அதன் பக்கத்தில் எழுதியிருந்த வார்த்தைகள், மண்டபத்தில் வந்து உட்கார்ந்த ஆட்கள்.

இரண்டாவது ஆள்

இது ஏதோ சீமை விசயம் என்று எண்ண வேண்டாம். நம் கடற்கரையில் தினமும் காலையில் நடப்பதும் இதேதான். கரைவலை இழுத்து முடிந்து, மீன் மணலில் குவிந்ததும் ஏலம் கூறத் தொடங்குகிறார்கள். ஐஸ் பெட்டியோடு வெளியூர் லொறிகள் மூன்று வந்து நின்றால் ஒரு விலை. மழையில் பாதை கெட்டு ஒரு லொறிதான் வந்தது என்றால் வேறொரு விலை. மீன் அதே மீன். வலை இழுத்தவர்களின் வியர்வையும் அதே வியர்வைதான்.

ஏலத்தின் சூட்சுமம் இதில்தான் இருக்கிறது. ஏலத்தில் விலையைத் தீர்மானிப்பவர் பொருளை வாங்கிக்கொண்டு போகிறவர் என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மையில் தீர்மானிப்பவர் தோற்றுப்போன இரண்டாவது ஆள். ஒரு வட்டாவை ஒருவர் 50,000 ரூபா கொடுத்தும் வாங்க ஆசைப்பட்டு வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்தவர் 8,000 ரூபாவுக்கு மேல் போக மாட்டார். வட்டா எவ்வளவுக்குப் போகும்? 8,000க்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். முதலாமவரின் மடியில் கிடக்கும் மிச்ச 42,000 வெளியே தெரியவே தெரியாது. அதே இடத்தில் 45,000 வரை போகத் துணிந்த ஒருவர் தற்செயலாக வந்து உட்கார்ந்தால், அதே வட்டா 45,000ஐத் தாண்டிவிடும். அவர் வரவிருந்த பஸ் பிந்தினால் விலை மறுபடியும் 8,000!

சாச்சியின் வாசலில் இந்த இரண்டாவது ஆள் இருக்கவில்லை. ஒரே ஒரு வியாபாரி, அவர் கையில் ஒரு தராசு. அது ஏலமுமல்ல, சந்தையுமல்ல.

எல்லா ஏலமும் இவ்வளவு தடுமாற்றமாக இருப்பதில்லை. கொழும்பில் தேயிலை ஏலம் 1883 ஜூலை 30 முதல் நடந்து வருகிறது. வாரா வாரம் அதே வகைத் தேயிலை வருகிறது, சுவை பார்க்கிறார்கள், போன வார விலை எல்லோர் கையிலும் இருக்கிறது. ஏற்ற இறக்கம் உண்டு, ஆனால் நூறு ரூபாச் சாமான் இலட்சமாவதில்லை. பழைய பொருளின் சங்கடமே, அதைப் போல இன்னொன்று போன வாரம் விற்கப்படவில்லை என்பதுதான். ஒப்பிட்டுப் பார்க்க எதுவுமில்லாதபோது, அன்று வந்தவர்களின் அறிவும் ஆசையுமே விலை.

ஜேர்மனியில் ஒரு பெண்மணிக்கு நடந்ததைக் கேளுங்கள். அவரிடம் ஒரு பழைய பாரசீகக் கம்பளம் இருந்தது. அவுக்ஸ்பேர்க் நகரில் ஓர் ஏலக்காரரிடம் கொடுத்தார். 900 யூரோ என்று மதிப்பிட்டார்கள். 2009 இல் ஏலம் விட்டபோது 19,700 யூரோவுக்குப் போனது. மதிப்பீட்டைப் போல இருபது மடங்குக்கும் மேல்! அந்தப் பெண்மணி அன்று எவ்வளவு சந்தோசப்பட்டிருப்பார் என்று நினைத்துப் பாருங்கள். சில மாதங்கள்தான். 2010 ஏப்ரலில் அதே கம்பளம் லண்டன் ஏலத்தில் 62 இலட்சம் ஸ்டேர்லிங் பவுணுக்கு விற்கப்பட்டது. ஈரானின் கிர்மான் பகுதியில் 17ஆம் நூற்றாண்டில் நெய்யப்பட்ட அபூர்வமான கம்பளம் அது. பெண்மணி ஏலக்காரர் மீது வழக்குப் போட்டார். 2012 இல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டது. எல்லாவிதச் சாமான்களையும் விற்கும் சாதாரண ஏலக்காரரிடம் அவ்வளவு நுணுக்கமான அறிவை எதிர்பார்க்க முடியாதாம்.

எனக்கென்னவோ அந்தத் தீர்ப்பு இன்னும் மனதுக்குள் இறங்கவில்லை. ஆனால் அதில் நமக்கொரு செய்தி உண்டு. மதிப்புச் சொல்கிறவருக்கு அந்தப் பொருள் தெரியுமா என்று கேட்பது விற்கிறவரின் பொறுப்பாகவே விடப்பட்டிருக்கிறது.

இதற்கு நேர்மாறான கதையும் இருக்கிறது. 2022 ஒக்டோபர் 1 ஆம் திகதி பிரான்ஸில் பொன்டன்புளோ என்ற ஊரில் ஒரு சீனப் பூச்சாடி ஏலத்துக்கு வந்தது. தாயின் வீட்டிலிருந்த சாமான்களை வெளிநாட்டிலிருந்த பிள்ளை விற்கக் கொடுத்திருந்தார். 20ஆம் நூற்றாண்டில் செய்யப்பட்ட சாதாரண அலங்காரச் சாடி, 1,500 முதல் 2,000 யூரோ பெறும் என்றார் நிபுணர். ஏலத்தில் கேள்வி 77 இலட்சம் யூரோவில் போய் முடிந்தது. கட்டணங்களையும் சேர்த்தால் 90 இலட்சத்துக்கும் மேல்! இவ்வளவுக்குப் பிறகும் அந்த நிபுணர், தான் சொன்னது சரி, சாடி பழையதல்ல என்றே நின்றார். இத்தனை பேர் இவ்வளவு கொடுக்க வந்தார்களே, அப்படியானால் அது பழையதாகத்தான் இருக்கும் என்று நமக்குத் தோன்றும். ஆனால் விலை ஒரு சாட்சியல்ல. ஒருவர் ஆசைப்படுவதைப் பார்த்தே மற்றவருக்கு ஆசை வருவதும், இருவரும் சேர்ந்து தவறுவதும் நடக்கும்.

விழுந்த விலை கைக்கு வந்து சேருமா என்பது வேறு கதை. 2010 நவம்பரில் லண்டனுக்குப் பக்கத்தில் ரைஸ்லிப் என்ற இடத்தில் ஒரு சீனச் சாடி 4 கோடியே 30 இலட்சம் ஸ்டேர்லிங் பவுணுக்கு ஏலம் போய், உலகப் பத்திரிகைகளெல்லாம் எழுதின. கேட்டவர் காசு கட்டவில்லை! இரண்டு வருடங்களுக்கு மேல் இழுபட்டு, கடைசியில் தனிப்பட்ட முறையில், அந்தத் தொகையைவிட மிகக் குறைவாக விற்கப்பட்டது என்று செய்தி வந்தது.

ஒரு விரிப்பும் ஒரு கோப்பையும்

வீட்டுப் பழைய சாமானை ஏலம் விடுவது நமது மார்க்க வரலாற்றிலும் வருகிறது. யாசகம் கேட்டு வந்த ஓர் அன்ஸாரித் தோழரிடம், உமது வீட்டில் ஒன்றுமே இல்லையா என்று நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் வினவினார்கள். பாதியை விரித்துப் பாதியைப் போர்த்திக்கொள்ளும் ஒரு விரிப்பும் தண்ணீர் குடிக்கும் ஒரு கோப்பையும் இருப்பதாக அவர் சொன்னார். அவற்றைக் கொண்டுவரச் செய்து, தமது கையிலேயே எடுத்து, வாங்குவோர் யார் என்று சபையில் கேட்டார்கள். ஒருவர் ஒரு திர்ஹம் என்றார். அதைவிடக் கூடுதலாகத் தருவோர் உண்டா என்று இரண்டு மூன்று தடவை கேட்ட பிறகு, இன்னொருவர் இரண்டு திர்ஹம் தந்து வாங்கிக்கொண்டார். ஒன்று வீட்டுச் சாப்பாட்டுக்கு, மற்றது கோடரிக்கு. விறகு வெட்டி விற்ற அந்தத் தோழர் பதினைந்து நாளில் பத்துத் திர்ஹத்தோடு திரும்பி வந்தார். அபூதாவூத் உள்ளிட்ட நூல்களில் வரும் இந்த அறிவிப்பின் தொடரைப் பற்றி ஹதீஸ் அறிஞர்கள் சிலர் குறை சொல்லியிருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏலம் ஆகும் என்பதற்கு இதை ஆதாரமாகக் காட்டுவோர் பலர்.

நான் இதில் கவனிப்பது அந்த இரண்டாவது திர்ஹத்தை. முதல் ஆள் சொன்னதோடு முடித்திருந்தால் கோடரி இல்லை. கூடுதலாகத் தருவோர் உண்டா என்று கேட்டதால் வந்ததுதான் கோடரி.

வாங்கும் எண்ணமே இல்லாமல் விலையை மட்டும் ஏற்றிவிடுவதை நபியவர்கள் தடுத்திருப்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வருகிறது. நஜ்ஷ் என்று இதற்குப் பெயர். விற்பவரின் ஆள் கூட்டத்துக்குள் நின்று பொய்க் கேள்வி கேட்பான். பாவம், உண்மையில் வாங்க வந்தவர் அதற்கு மேல் கேட்டு மாட்டிக்கொள்வார். இதன் மறுபக்கமும் இருக்கிறது: வியாபாரிகள் முதல்நாளே கூடிப் பேசி, நீ இதைக் கேள், நான் அதைக் கேட்கிறேன் என்று பங்கு பிரித்துக்கொண்டு வருவது. அப்போது இரண்டாவது ஆள் கண்ணுக்குத் தெரிவார், வாய் திறக்க மாட்டார். இங்கிலாந்தில் இதைத் தடுக்க 1927 இலேயே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள் என்றால், எவ்வளவு பழைய வியாதி என்று பாருங்கள்.

(பள்ளிவாசல் ஏலத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். நேர்ச்சைக்கு வந்த ஒரு கோழி முட்டையைக் கடை விலையைப் போல பல மடங்கு கொடுத்து ஒருவர் எடுப்பது, பிறகு அதையே திருப்பிப் பள்ளிக்குக் கொடுத்து மறுபடியும் ஏலம் விடச் சொல்வது, அதெல்லாம் முட்டையின் விலையல்ல. அது ஸதக்கா. கொஞ்சம் பெருமையும் கலந்திருக்கும் என்று சிலர் சொல்வார்கள். அல்லாஹ் அறிவான்.)

அடகு நகை

கெண்டி எல்லார் வீட்டிலும் இல்லை. ஆனால் அடகுத் துண்டு இல்லாத வீடு எத்தனை இருக்கும்? வட்டியின் பாவத்தைப் பற்றி ஆலிம்கள் நிறையப் பேசியிருக்கிறார்கள். நான் பேச வந்தது, மீட்காமல் விட்ட நகை ஏலத்துக்குப் போகும்போது என்ன நடக்கிறது என்பதை.

உம்மா போட்டிருந்த அட்டியல் ஒன்று இருக்கிறது. பழைய தட்டானின் கைவேலை. இப்போது அந்த வேலை செய்ய ஆள் இல்லை. அடகு வைக்கும் இடத்தில் அதை எப்படிப் பார்க்கிறார்கள்? மாற்று எத்தனை, நிறை எத்தனை பவுண். கல்லுக்கும் அரக்குக்கும் கழிவு. அவ்வளவுதான். ஏலத்தில் கேட்க வருகிறவர்களும் பெரும்பாலும் உருக்குவதற்காக வாங்குகிற நகை வியாபாரிகள். உம்மாவின் கழுத்தைத் தெரிந்த எவரும் அந்த அறையில் இருப்பதில்லை. பழைய சாமான் வியாபாரியின் தராசும் இந்தத் தராசும் ஒன்றுதான், இங்கே தட்டு சின்னது.

தங்கத்துக்கு உலக விலை இருக்கிறதே, அதிலாவது தடுமாற்றம் இருக்காதல்லவா என்று கேட்கலாம். 2011 செப்டெம்பரில் ஓர் அவுன்ஸ் தங்கம் 1,900 டொலரைத் தொட்டது. 2013 ஏப்ரலில் இரண்டே வியாபார நாட்களில் 200 டொலர் அளவுக்கு விழுந்தது. விலை உச்சத்தில் இருந்தபோது கூடுதலாகக் கடன் வாங்கி அடகு வைத்தவர்கள், மீட்கக் கட்ட வேண்டிய தொகை நகையின் பெறுமதியையே தாண்டிவிட்டதைப் பார்த்தார்கள். அப்படியே விட்டுவிட்டார்கள். அடகு பிடித்த வங்கிகளும் அடிபட்டன. பிறகு 2022 வந்தது. மார்ச் மாத ஆரம்பத்தில் ஒரு டொலருக்கு 203 ரூபா அளவில் இருந்த நமது நாணயம், மே மாதத்தில் 360 வரை போனது. தங்கத்தின் ரூபா விலையும் அதோடு பாய்ந்தது. அதற்கு முந்திய மாதங்களில் நகை ஏலத்தில் போனவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். மூன்று மாதம் தாக்குப்பிடித்திருந்தால் அதே நகை வேறு கணக்கு. அந்த மூன்று மாதம் யார் கையிலும் இல்லை என்பதுதான் துயரம்.

ஏல அறிவித்தல் வந்தால் வெட்கப்பட்டு ஒளிந்துகொள்ளாதீர்கள். ஏலம் நடக்கும் வரை கட்டி மீட்க இடமுண்டா என்று நேரே போய்க் கேளுங்கள். முழு நகையையும் மீட்க வழியில்லையென்றால், உறவுக்காரர் ஒருவரின் கைமாற்றில் மீட்டு, நீங்களே நல்ல கடையில் இரண்டு மூன்று பேரிடம் விலை கேட்டு விற்பது பல நேரம் மேலானது. ஏலம் போய்விட்டாலும், கடனும் வட்டியும் செலவும் போக மிச்சம் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். வெட்கத்தினால் அதைக் கேட்கப் போகாதவர்கள் நம் பெண்களில் நிறையப் பேர்.

வாசலில் வந்து நிற்கிறவர்

சரி, நாளைக்கு உங்கள் வாசலில் ஒருவர் வந்து, பழைய பித்தளை இருக்கிறதா ராத்தா என்று கேட்கிறார். என்ன செய்வது?

முதலில், அன்றைக்கே விற்காதீர்கள். "இவர் வரட்டும், கேட்டுச் சொல்றேன்" என்று சொல்ல நம் பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை! வந்தவருக்கு உண்மையில் அந்தச் சாமான் வேண்டுமென்றால் அவர் திரும்பி வருவார். அதற்குள் இரண்டாவது ஆளைத் தேடலாம். கைத்தொலைபேசியில் நாலு பக்கமும் படம் எடுத்து, கொழும்பிலோ கண்டியிலோ பழைய பொருட்கள் விற்கும் கடையொன்றுக்கு அனுப்பிக் கேட்க இப்போது ஐந்து நிமிடம் போதும். மொத்தமாக நிறுக்க விடாதீர்கள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே விலை கேளுங்கள். மொத்தச் சாக்கில் போட்டால் நல்லதும் கழிவும் ஒரே நிறையாகிவிடும்.

விற்கப் போகிறோமே என்று புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடாதீர்கள். நம் கைக்கு இது கஷ்டமான புத்திமதிதான், பெருநாளைக்கு முதல்நாள் பித்தளை தேய்த்து வளர்ந்தவர்கள் நாம். ஆனால் பழைய பொருள் சேகரிப்பவர்களுக்கு அந்தக் கறுப்புப் படிவுதான் வயதின் அடையாளம். தேய்த்துத் தேய்த்துச் சித்திர வேலை மழுங்கிய வட்டாவுக்கு அவர்கள் முகம் சுளிப்பார்கள்.

யார் கொடுத்தது, எந்தக் கலியாணத்துக்கு வந்தது, எந்த ஊரிலிருந்து வாங்கியது என்பதைப் பெரியவர்கள் ஹயாத்தோடு இருக்கும்போதே கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். குரூகேர்ன் கெண்டிக்கு இலட்சங்களைக் கூட்டியது அப்படியொரு எழுத்துத்தான். விற்பதற்கு மனமில்லை, வைத்துக்கொள்ளவும் இடமில்லை என்றால், கிழக்கு முஸ்லிம்களின் பழைய வீட்டுச் சாமான்களைக் காத்தான்குடிப் பூர்வீக நூதனசாலையில் வைத்திருக்கிறார்கள். ஒருமுறை பிள்ளைகளோடு போய்ப் பார்த்து வாருங்கள். நாம் சாக்கில் போட்டு அனுப்பியது அங்கே கண்ணாடிக்குள் இருக்கும்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். வயலிலோ கிணறு வெட்டும்போதோ மண்ணுக்குள்ளிருந்து கிடைக்கும் தொல்பொருள் கண்டெடுத்தவருக்குச் சொந்தமல்ல, அது அரசுக்குரியது. 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் இத்தகைய பொருட்களை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகவும் முடியாது. 1988 ஆம் ஆண்டின் 73 ஆம் இலக்கக் கலாசார உடைமைகள் சட்டமும் இருக்கிறது. வெளிநாட்டுக்கு அனுப்பி நல்ல விலைக்கு விற்றுத் தருகிறேன் என்று எவராவது இரகசியமாகச் சொன்னால், அந்த இரகசியமே உங்களுக்கு எச்சரிக்கை.

அடிமாட்டு விலைக்குக் கேட்பவர் மட்டுமல்ல, கோடிக் கணக்குச் சொல்பவரும் ஆபத்தானவர். தமிழ்நாட்டில் இரிடியம் கலசம் என்று ஒரு மோசடி பல வருடங்களாக நடந்து, பொலிஸ் வழக்குகள் வந்துகொண்டிருக்கின்றன. உங்கள் பழைய செம்புக்கு அரிசியை இழுக்கும் சக்தி இருக்கிறது, வெளிநாட்டுக் கம்பனி கோடி கோடியாகக் கொடுக்கும், பரிசோதனைச் செலவுக்கு மட்டும் கொஞ்சம் காசு தாருங்கள் என்று தொடங்குவார்கள். அரிசியை எந்தச் செம்பும் இழுக்காது. காசு போனது போனதுதான். குரூகேர்ன் கதையைப் படித்துவிட்டு, நம்முடையதும் அப்படி இருக்கலாமே என்று ஏங்கும் மனதைத்தான் இவர்கள் தேடி வருகிறார்கள். நான் அந்தக் கதையைச் சொன்னதாலேயே இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஊரில் உள்ள நூறு கெண்டிகளில் தொண்ணூற்றொன்பது, நிறைக்குக் கொஞ்சம் மேலே ஒரு விலைக்குத்தான் போகும்.

சாச்சிக்கு நான் என்ன பதில் சொன்னேன்? "ஏமாறல்ல சாச்சி, ஆனா ஒராள்ட்ட மட்டும்தான் கேட்டிருக்கீங்க" என்றேன். வேனில் வந்தவர் சொன்ன விலையும் ஒருவரின் விலைதானே என்று அவர் திருப்பிக் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. கலியாணம் நல்லபடியாக முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ். முதல் வியாபாரியைத் தேடிப் பிடித்து விசாரித்தோம். கெண்டியும் வட்டாவும் அந்தக் கிழமையே வேறு கைக்கு மாறி, அதற்கடுத்த கைக்கும் போய்விட்டன. உருக்கினார்களா, எங்காவது கடைக் கண்ணாடிக்குள் நிற்கின்றனவா, அவருக்கும் தெரியவில்லை.

படிக்கம் இன்னும் சாச்சியின் வீட்டில், முன்னறை யன்னலுக்குக் கீழே இருக்கிறது. வேன்காரர் இரண்டு முறை வந்து போய்விட்டார். இரண்டாவது முறை விலையைக் கொஞ்சம் கூட்டினாராம். "இன்னும் ஒராள் பாக்கட்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார் சாச்சி. இப்போது அதற்குள் பேரப்பிள்ளையின் விளையாட்டுச் சாமான்கள் கிடக்கின்றன.